கண்ணாடியில கோளாறு இல்லண்ணா!

"தம்பி, இந்தக் கண்ணாடி வேலை செய்யல. வாரன்ட்டி இருக்குல்ல, மாத்திக் குடுத்துடுங்க."

விழுப்புரம் பைபாஸை ஒட்டியிருக்கும் ஒரு கார் சர்வீஸ் சென்டர். ஷட்டர் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஆளாக வண்டியை உள்ளே விட்டுவிட்டு நின்றார் அந்த மனிதர். வயது 58. வெள்ளைச் சட்டை, மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட புது வண்டி, இரவெல்லாம் விழித்த கண்ணில் சிவப்பு. ஊரில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் 'டிரைவர் அண்ணன்'. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அவர் கைகாட்டியது, டிரைவர் சீட்டுக்கு முன்னால் மேலே இருக்கும் உள் கண்ணாடியை. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற கண்ணாடி. ஆனால், சாதாரணக் கண்ணாடி இல்லை. இரவில் பின்னால் வருகிறவர் ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டுக்கொண்டு வந்தால், தானாகவே மங்கிக்கொள்ளும் 'ஆட்டோ டிம்மிங்' கண்ணாடி. அதற்காகவே அந்த மாடலை வாங்கியதாகச் சொன்னார். வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கடனில் இன்னும் 54 தவணை பாக்கி.

"ராத்திரியானா கண்ணு கூசுதுப்பா. பகல்ல பார்த்தா கண்ணாடி நீலம் பாரிச்சுக் கெடக்கு. எல்லாம் தலைகீழா இருக்குது."

எலெக்ட்ரிகல் வேலை பார்க்கும் இளைஞருக்கு 25 வயது இருக்கலாம். மறுத்தும் பேசவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. "சாவியைக் குடுங்கண்ணா, பார்த்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

டிரைவர் அண்ணனுக்குத் தொழில் இரவில்தான். விழுப்புரம், திருக்கோவிலூர், செஞ்சி பக்கத்துக் கிராமங்களில் இருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார். திரும்பி வருகிறவர்களை அழைத்துக்கொண்டு வருவார். போக சுமார் 150 கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோல், திண்டிவனம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், பரனூர் டோல் என்று வரிசையாக எங்கே டீ நன்றாக இருக்கும், எங்கே போலீஸ் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 30 வருட அனுபவம். "அவர் வண்டின்னா கண்ணை மூடித் தூங்கிட்டு வரலாம்" என்பதுதான் ஊரில் அவருக்கு இருக்கும் விளம்பரம். விசிட்டிங் கார்டுகூட அடித்ததில்லை.

இதற்கு முன் வைத்திருந்தது 11 வருடம் ஓடிய ஒரு டீசல் கார். அதன் உள் கண்ணாடிக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு சின்ன லிவர் இருந்தது. பின்னால் வருகிற ஆம்னி பஸ் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு நெருங்கினால், விரலால் லிவரை ஒரு தட்டு. கண்ணாடி லேசாகச் சாயும். அவ்வளவுதான், வெளிச்சம் அடங்கிவிடும். பஸ்ஸின் இரண்டு விளக்குகளும் அகல் விளக்கு மாதிரி மட்டும் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்று பலரும் யோசித்திருக்க மாட்டோம். அந்தக் கண்ணாடி தட்டையானது இல்லை. மேலே ஒரு கனம், கீழே ஒரு கனம் என ஆப்பு வடிவத்தில் இருக்கும். ரசம் பூசியது பின்பக்கத்தில். பகலில் நாம் பார்ப்பது அந்த ரசத்தில் இருந்து திரும்பும் வெளிச்சம். லிவரைத் தட்டியதும் ரசத்தில் பட்ட வெளிச்சம் காரின் கூரைப் பக்கம் போய்விடும். நம் கண்ணுக்கு வருவது, ரசம் இல்லாத முன்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கொஞ்சூண்டு வெளிச்சம் மட்டும். வெறும் கண்ணாடி தன்மேல் படும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவிகிதத்தைத்தான் திருப்பி அனுப்பும். இரவு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இருட்டான கண்ணாடியில் நம் முகம் மங்கலாகத் தெரியுமே, அதே சங்கதி. மின்சாரம் இல்லை, ஒயர் இல்லை, பழுதாக எதுவும் இல்லை. இன்றும் விலை குறைந்த மாடல்களில் இதுதான் வருகிறது. பலர் அந்த லிவரைத் தொட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

டிரைவர் அண்ணன் கடைசி இரண்டு வருடங்களாக அந்த லிவரைத் தட்டிய பிறகு திருப்பி வைக்கவே இல்லை. இரவு ஏழு மணிக்குத் தட்டினால் காலை வரை அப்படியேதான். பின்னால் வண்டி வந்தாலும் வராவிட்டாலும். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

புது வண்டி வாங்கலாம் என்று ஆரம்பித்தது மகள்தான். சென்னையில் வேலை. அப்பா இரவில் ஓட்டுவதில் அவருக்குப் பயம். "வாங்கினா ஆறு ஏர்பேக் இருக்கிற டாப் மாடல்தான்பா. இல்லன்னா வேணாம்" என்று பிடிவாதம் பிடித்தார். டாக்ஸிக்கு யாராவது டாப் மாடல் வாங்குவார்களா என்று ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஷோரூமில் அந்த சேல்ஸ் பையன் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிற வரைக்கும்.

"நைட்ல பின்னாடி வர்ற வண்டியோட லைட் கண்ணைக் கூசாது சார். கண்ணாடி தானா டிம் ஆயிடும்."

அந்த வாக்கியத்தில் அவர் காதில் விழுந்தது 'நைட்ல கண்ணைக் கூசாது' என்பது மட்டும். நடுவில் இருந்த நான்கு வார்த்தைகளை மனசு விட்டுவிட்டது. இதை அவரே பிறகு மகளிடம் சொன்னார். அன்றைக்கே அட்வான்ஸ் கட்டிவிட்டார்.

தானாக மங்கும் கண்ணாடிக்கு ஒரு குட்டிக் கதை இருக்கிறது. காரில் பின்னால் பார்க்கக் கண்ணாடி வைத்தவர்களில் ரொம்பப் பிரபலமானவர் ரே ஹரூன். 1911-ல் அமெரிக்காவின் முதல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஜெயித்தவர். மற்ற கார்களில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். ஹரூன் தனியாளாகப் போனதால் கண்ணாடி வைத்துக்கொண்டார். ஓடுகளத்தின் அதிர்வில் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் சொன்னாராம். 1950-களின் கடைசியில் கிரைஸ்லர் கம்பெனி, வெளிச்சம் பட்டால் தானாகச் சாய்கிற கண்ணாடியைக் கொண்டுவந்தது. லிவரை விரலுக்குப் பதிலாக இயந்திரம் தட்டும், அவ்வளவுதான்.

இன்று நாம் பார்க்கிற, சாயாமல் நிறம் மட்டும் மாறுகிற கண்ணாடியைப் பெரிய அளவில் கார்களுக்குக் கொண்டுவந்தது ஜென்டெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். மிச்சிகன் மாநிலத்தில் ஜீலாண்ட் என்ற சிறிய ஊரில் 1974-ல் ஃபிரெட் பாயர் தொடங்கியது. முதலில் செய்தது கண்ணாடி இல்லை. தீப்பிடித்தால் கத்தும் புகை உணர் கருவி. வெளிச்சத்தை உணர்கிற தொழில்நுட்பம் கையில் இருந்ததால் 1982-ல் மோட்டாரால் சாயும் கண்ணாடி செய்தார்கள். 1987-ல் ரசாயனத்தால் நிறம் மாறும் கண்ணாடி வந்தது. போயிங் 787 விமானத்தில் திரைச்சீலை கிடையாது. பட்டனை அழுத்தினால் ஜன்னலே கறுத்துப்போகும். துபாய்க்குப் போய் வந்தவர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதுவும் இதே தத்துவம்தான்.

இனி சர்வீஸ் சென்டருக்கு வருவோம்.

இளைஞர் இக்னிஷனைப் போட்டார். கண்ணாடிக்கு அடியில் பச்சைப் பொட்டு மாதிரி ஒரு விளக்கு எரிந்தது. "ஆன்லதான் இருக்கு" என்றார். கண்ணாடியின் பின்பக்கம், அதாவது ரோட்டைப் பார்க்கிற பக்கம், விரலை விட்டுத் தடவினார். பிறகு ஒரு சிரிப்பு.

"அண்ணா, மாலை யார் போட்டது?"

சந்தன மாலை. வண்டி எடுத்த அன்று மயிலம் முருகன் கோயிலில் பூஜை போட்டபோது மனைவி மாட்டிவிட்டது. கண்ணாடியின் காம்பில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது. அதற்கு நேரே முன்கண்ணாடியில் 'முருகன் துணை' ஸ்டிக்கர் வேறு.

"சாமியை எடுக்கச் சொல்லலண்ணா, கொஞ்சம் எடம் மாத்தச் சொல்றேன்" என்றபடி இளைஞர் விளக்க ஆரம்பித்தார். அந்தக் கண்ணாடிக்கு இரண்டு கண். ஒன்று முன்னால் ரோட்டைப் பார்க்கிறது. அதன் வேலை, இப்போது பகலா இரவா என்று கண்டுபிடிப்பது. இன்னொன்று டிரைவரின் பக்கம், பின்கண்ணாடியைப் பார்த்து இருக்கிறது. பின்னால் இருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அது அளக்கும். சுற்றிலும் இருட்டு, பின்னால் மட்டும் பளீர் என்று வெளிச்சம். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி மங்கும். பகலில் பின்னால் வெயில் அடித்தாலும் மங்காது, ஏனென்றால் முன்னாலும் வெயில்தானே? ஆனால், முன்கண்ணை மாலை மூடிவிட்டதால் அதற்கு எப்போதும் நள்ளிரவு. பட்டப்பகலில் பின்னால் இருந்து வருகிற சாதாரண வெளிச்சம்கூட அதற்கு ஹெட்லைட்டாகத் தெரியும். அதனால்தான் பகலெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

மாலையைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தார்கள். சில விநாடிகளில் கண்ணாடி தெளிந்தது.

"இப்ப நைட்டுக்கு டெஸ்ட் பண்ணலாம்." வண்டி துடைக்கிற துணியை நான்காக மடித்து முன்கண்ணை மூடினார். போனில் டார்ச்சைப் போட்டு, பின்கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஓரத்தில் இருந்து மை ஊறுகிற மாதிரி நிறம் ஏறியது. ஐந்தாறு விநாடியில் கண்ணாடி முழுக்கக் கரும்பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். டார்ச்சின் ஒளி அதில் சின்னப் புள்ளியாகச் சுருங்கியது. வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டதும் மறுபடி தெளிந்தது. பின்னால் எடுக்கும்போது நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

"அப்போ கூலிங் கிளாஸ் மாதிரியா? வெயில்ல போனா கறுக்குமே?" என்று கேட்டார் அண்ணன். பலருக்கும் இருக்கிற சந்தேகம்தான். அது வேறு, இது வேறு. வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி, சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டு அதுவாகவே நிறம் மாறுகிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. இந்தக் கண்ணாடிக்கோ மின்சாரம் இல்லாமல் எதுவும் நடக்காது. உள்ளே இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய இடைவெளி. அதில் கூழ் மாதிரி ஒரு ரசாயனம். தகடுகளின் உட்புறத்தில், பார்வைக்குத் தெரியாத, ஆனால் மின்சாரம் கடத்துகிற பூச்சு. சென்சார் சொன்னதும் ஒரு வோல்ட்டுக்குச் சற்று அதிகமான மின்னழுத்தம் அதில் பாயும். ரிமோட்டில் போடுகிற பேட்டரியைவிடக் குறைவு. கூழில் இருக்கும் ஒரு ரசாயனம் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், இன்னொன்று எலெக்ட்ரானைக் கொடுக்கும். வாங்கியது ஒரு நிறம், கொடுத்தது ஒரு நிறம் ஆகும். இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தை வழியிலேயே குடித்துவிடும். வெளிச்சம் ரசத்தைத் தொடப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என இரண்டு தடவை அந்தக் கூழைத் தாண்ட வேண்டும் இல்லையா? அதனால் மெல்லிய படலமே போதும். மின்சாரத்தை நிறுத்தினால் கொடுத்ததும் வாங்கியதும் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டு பழையபடி தெளிந்துவிடும். மின்சாரம் இல்லாவிட்டால் தெளிந்த நிலையில் இருப்பதும் நல்லதுக்குத்தான். ஃபியூஸ் போனால் அது சாதாரணக் கண்ணாடி, குருட்டுக் கண்ணாடி இல்லை.

இதையெல்லாம் இளைஞர் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது, "உள்ள ஜெல் இருக்குதுண்ணா. உடைஞ்சா கையால தொடாதீங்க" என்பது மட்டும்.

"கண்ணாடியில கோளாறு இல்லண்ணா. மாலைதான் பிரச்னை. இனிமே சரியாயிடும்."

"பகல்ல சரியாயிடும்ப்பா. ராத்திரி கண்ணு கூசுதே?"

அப்போதுதான் அந்த இளைஞர், ஜாப் கார்டில் எழுதிக்கொண்டே, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த லைட்டுண்ணா? பின்னாடி வர்றதா, எதிர்ல வர்றதா?"

டிரைவர் அண்ணன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதிர்ல வர்றதுக்கு இந்தக் கண்ணாடி ஒண்ணும் பண்ணாதுண்ணா. வெளில இருக்கிற சைடு கண்ணாடி ரெண்டும்கூட நம்ம வண்டியில டிம் ஆகாது. இது ஒண்ணுதான்" என்று இளைஞர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பில் எதுவும் போடவில்லை.

அன்று சவாரி எதையும் எடுக்காமல் அண்ணன் நேராக வீட்டுக்குப் போனார்.

தை மாதத்தில் நடந்த ஒன்று அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. துபாயில் இருந்து இரண்டு வருடம் கழித்து வந்த ஒரு பையனை, அவன் அம்மா, மனைவி, கைக்குழந்தையோடு விமான நிலையத்தில் இருந்து அழைத்து வந்த இரவு. நான்கு வழிச் சாலை வரைக்கும் பெரிய சிரமம் இல்லை. நடுவில் அரளிச் செடி வரிசையாக இருக்கும். எதிர்ப்பக்கத்து ஹெட்லைட்டை அது பாதி மறைத்துவிடும். நெடுஞ்சாலைக்கு நடுவில் அரளி வளர்ப்பது அழகுக்கு மட்டும் இல்லை. விழுப்புரம் தாண்டி திருக்கோவிலூர் சாலையில் திரும்பியதும் அரளி இல்லை. எதிரே ஒரு லாரி. வெள்ளை எல்.இ.டி. விளக்கு, டிம் செய்யவே இல்லை. அண்ணன் இரண்டு முறை டிப்பர் அடித்துப் பார்த்தார். லாரி கடந்துபோனது. அதன்பிறகு அவருக்கு முன்னால் ரோடு இல்லை. கறுப்பு மட்டும்தான். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. கண்ணில் வெள்ளை வட்டம் மட்டும் நின்றது.

அது தெளிந்தபோது பத்தடி முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பு வெட்டு நேரத்தில் ஆலைக்குப் போகிற டிரெய்லர்கள் இரவெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். கரும்புத் தோகை பின்விளக்கை மூடிவிடும். அண்ணன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். எதிரே வேறு வண்டி வராதது, அவரே சொல்கிற மாதிரி, அந்தக் குழந்தையின் நேரம். இடப்பக்கத்து சைடு கண்ணாடியில் தோகை உரசிக்கொண்டுபோகிற சத்தம் மட்டும் கேட்டது. பின் சீட்டில் யாரும் விழிக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அந்த அம்மா, "உங்க வண்டின்னாதான் நிம்மதியா தூங்க முடியுது தம்பி" என்று கையில் ஒரு பேரீச்சம்பழப் பாக்கெட்டைத் திணித்தார். அது இன்னும் பிரிக்காமல் பீரோவில் இருந்தது.

பழைய காரின் லிவர் சரியில்லை என்றுதான் அன்றைக்கு அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ள விரும்பினார் என்பதுதான் சரி. புது வண்டியில் அது போய்விடும் என்றும். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கண்ணைக் காட்டுங்கள் என்று மாத்திரை கொடுக்கிற டாக்டர் சொல்லாத வருடம் இல்லை. காட்டப் போய் ஏதாவது சொல்லிவிட்டால்? 'டிரைவருக்குக் கண்ணு தெரியலையாம்' என்று ஒரு ஊரில் பேச்சுக் கிளம்பினால் போதும், அடுத்த வாரம் பத்து ஊருக்குப் போய்விடும். பேட்ஜ், லைசென்ஸ், தவணை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரின் சின்ன எழுத்து தெரிந்தது. பகலில் தூரத்துப் பஸ்ஸின் போர்டு தெரிந்தது. பிறகு எதற்கு ஆஸ்பத்திரி?

அன்று இரவு மகளுக்குப் போன் செய்தார். "பாப்பா, கண்ணாடி நல்லாத்தான் இருக்காம்" என்று ஆரம்பித்தார். கரும்பு டிராக்டர் வரைக்கும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. மறுமுனையில் மகள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "ஏன்பா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

கண் மருத்துவமனையில் முதல் பரிசோதனையில் அண்ணன் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார். சுவரில் இருக்கும் எழுத்துகளைக் கடைசிக்கு முந்தைய வரி வரைக்கும் வாசித்தார். 'பார்த்தியா' என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அம்மா விடவில்லை. அவர் சொன்ன தை மாதத்துக் கதையைக் கேட்டுவிட்டு, அறை விளக்கை அணைத்து, கண்ணுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாசிங்க" என்றார்.

மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது.

சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பெரிய கருவியில் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணில் அதிகம். புரை என்றால் வெள்ளையாகத் திரை விழுவது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது லென்ஸின் பின்பக்கம், சரியாக நடுவில் விழுந்த ஒரு சின்னத் திட்டு. சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த வகை வர வாய்ப்பு அதிகம்.

"எதிர்ல லைட் அடிச்சா கண்ணோட பாப்பா சுருங்கும். சுருங்கினா வெளிச்சம் நடுவுல மட்டும்தான் உள்ளே போகும். உங்களுக்கு நடுவுலதான் திட்டு இருக்கு. அந்த வெளிச்சம் திட்டுல பட்டு செதறிடுது. அதான் ஒண்ணும் தெரியாமப் போகுது" என்று டாக்டர் அம்மா பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டினார். விழித்திரையில் சர்க்கரையால் பாதிப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல். "ஆபரேஷன் பண்ணா ஓட்டலாமா?" என்று அவர் கேட்டார். "பண்ணாம ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர் அம்மா.

லென்ஸ் தேர்வு செய்யும் இடத்தில் மகள் மறுபடி டாப் மாடலுக்குப் போனார். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டுக்கும் ஒரே லென்ஸ் இருக்கிறதாம், விலை அதிகம், அதையே போடுங்கள் என்று. இந்த முறை தடுத்தது டாக்டர் அம்மா. அந்த மல்டிஃபோகல் லென்ஸில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிற தொந்தரவு வர வாய்ப்பு அதிகம். இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தூரப்பார்வைக்கு மட்டுமான சாதாரண மோனோஃபோகல் லென்ஸ்தான் நல்லது. வாசிக்க மட்டும் ஒரு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். விலையும் குறைவு. அண்ணன் முதல் முறையாக அன்று சிரித்தார்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று வாரம், வலது கண், பிறகு ஒரு மாதம் விட்டு இடது கண், மறுபடி ஒரு மாதம் ஓய்வு. சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மூன்று தவணையை மகள் கட்டினார். அதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் இன்றும் இறங்குகிறது. வண்டி சும்மா நிற்கக் கூடாது என்று ஆக்டிங் டிரைவராக ஓர் இளைஞனைப் போட்டார். அவன் வண்டி எடுத்துப் போகிற இரவுகளில் இவருக்குத் தூக்கம் கிடையாது. பச்சைத் தடுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விக்கிரவாண்டி டோலில் பணம் கழிந்த மெசேஜ் போனில் வந்ததும், மனைவியைக் கூப்பிட்டு நேரத்தை வாசிக்கச் சொல்வார்.

ஊரில் தெரிந்துவிடுமே என்று பயந்தது நடந்தது. தெரிந்துவிட்டது. இரண்டு வாடிக்கைக் குடும்பங்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டன. ஒரு குடும்பம் திரும்பி வந்தது, இன்னொன்று வரவில்லை. அந்தத் துபாய்ப் பையனின் அம்மா விசாரிக்க வந்தபோது, அண்ணன் தை மாதத்து இரவை அவரிடமும் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டாம் என்று மனைவி ஜாடை காட்டியும் கேட்கவில்லை. அந்த அம்மா வெகுநேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டு, "பையன் கார்த்திகையில திரும்பிப் போறான். அதுக்குள்ள ஆயிடும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகிவிட்டது. டாக்டர் அம்மா சரி என்று சொன்ன பிறகும் முதல் இரவுச் சவாரிக்கு வாடிக்கையாளர் யாரையும் ஏற்றவில்லை. மகளை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திருக்கோவிலூர் சாலையில் போனார். எதிரே வரிசையாக நான்கு லாரிகள். ஒவ்வொன்றும் கடந்ததும், "ரோடு தெரியுது... ரோடு தெரியுது" என்று கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டினார். திரும்பும்போது பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. உள் கண்ணாடியில் அந்த நீலம் மெதுவாக ஊறியது. மகள் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

போன மாதம் வண்டி மறுபடி சர்வீஸுக்குப் போனது. சந்தன மாலை இப்போது டேஷ்போர்டின் இடது ஓரத்தில் இருக்கிறது. ஸ்டிக்கர் முன்கண்ணாடியின் கீழ் மூலைக்கு இறங்கிவிட்டது. அதே இளைஞர்தான். ஜாப் கார்டை நீட்டி, "கண்ணாடி எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டார்.

கையெழுத்துப் போடுவதற்காக மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"எதைப்பா கேக்குற, இதையா, அதையா?"

கையெழுத்தைப் போட்டுவிட்டு, வண்டி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டார். அன்று இரவு பத்து மணிக்குக் கண்டாச்சிபுரத்தில் ஒரு சவாரி இருந்தது.